காட்டுப்பன்றியும் இல்லை, ஊர்ப்பன்றியும் இல்லை

கோத்தகிரியிலிருந்து:

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நடத்தும் சுவரிதழுக்காக வட அமெரிக்கப் பன்றிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கனடாவில் 1980களிலும் 90களிலும் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்த்தார்கள். சந்தை படுத்ததும் சிலர் வேலியைத் திறந்துவிட்டார்கள், சில பன்றிகள் தாமே தப்பின. இன்று சஸ்காட்செவான் போன்ற மாகாணங்களில் அவை உறைபனியையும் தாங்கிப் பெருகிவிட்டன. டெக்சஸில் 2011 முதல் ஹெலிகாப்டரில் பறந்தபடி பன்றி வேட்டையாடச் சட்டமே அனுமதிக்கிறது.

இப்படி வளர்ப்பிலிருந்து வெளியேறிக் காட்டில் வாழும் பன்றியை ஆங்கிலத்தில் ஃபெரல் பிக் என்கிறார்கள். அதற்குக் காட்டுப்பன்றி என்றே எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் படித்துவிட்டு, "சார், நம்ம கேரட்டைத் தோண்டுறதும் இதானே? அப்ப நாமளும் ஹெலிகாப்டர்ல போய்ச் சுடலாமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. வெளியிலிருந்து வந்து புதிதாகப் பரவத் தொடங்கிக் கேடு செய்யும் இனத்தைக் குறிக்கும் எமெர்ஜிங் இன்வேசிவ் ஸ்பீசிஸ் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

குன்னூரிலிருந்து:

வணக்கம் சார். மூன்று நாளாக வந்த மடல்களை இன்று காலை மழைக்கு உள்ளே உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். அந்தப் பையனுக்கு என் கணக்கில் ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிக் கொடுங்கள். நாம் பத்து மடலில் சுற்றி வந்ததை அவன் ஒரு கேள்வியில் தொட்டுவிட்டான்.

நம் மலையில் திரியும் காட்டுப்பன்றி இந்த மண்ணுக்கே உரியது. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் இரை. கேத்தி பாலாடாவில் ஒரே இரவில் நாலு பாத்தி கேரட்டைப் புரட்டிப் போட்டாலும் அது அயல் இனம் ஆகிவிடாது. தொல்லை தருவது வேறு, அயலிலிருந்து வந்தது வேறு. வட அமெரிக்காவிலோ பன்றிக் குடும்பமே இயற்கையாகக் கிடையாது. 1539இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூட வந்த பன்றிகள், பின்னால் வந்த குடியேறிகள் காட்டில் அவிழ்த்துவிட்டு மேய்த்த பன்றிகள், அப்புறம் சுட்டு விளையாடுவதற்கென்றே பணக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து விட்ட காட்டுப்பன்றிகள், எல்லாம் கலந்ததுதான் அங்குள்ள கூட்டம். அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சத்துக்கும் மேல் என்று அந்நாட்டு வேளாண் துறை கணக்குச் சொல்கிறது.

இவை எல்லாமே சுஸ் ஸ்குரோபா என்ற ஒரே இனம். கொட்டிலில் கிடக்கும் வெள்ளைப் பன்றியும் அதே. ஒன்றோடொன்று கூடிக் குட்டி போடும். வெளியே போன பன்றிக்குச் சில தலைமுறையில் முடி அடர்ந்துவிடும், வெட்டிவிட ஆள் இல்லாததால் கோரைப்பல் நீண்டுவிடும். ஆகவே உருவத்தை வைத்துப் பெயர் வைத்தால் மாட்டிக்கொள்வோம். பிரித்துக் காட்டுவது அதன் வரலாறு மட்டும்தான். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாத சொல் இங்கே உதவாது. குழுவினர் மடல்களில் சொன்ன சொற்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

> காடேறிப் பன்றி

குடியேறி மாதிரி அமைந்திருக்கிறது, இலக்கணம் பழுதில்லை. ஆனால் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். காட்டேரி! அதுவும் காட்டேரிப் பூங்கா இருக்கும் எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால், பூங்காவுக்குள் பன்றி புகுந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள்.

> காடோடிப் பன்றி

நாட்டில் அலைபவர் நாடோடி என்றால் காட்டில் அலைவது காடோடி. அது பிறந்த நாள் முதல் காட்டில் அலையும் நம் பன்றிக்கே பொருந்துகிறது.

> தெருப்பன்றி

தெருவில் திரிந்தாலும் அதற்கு உடையவர் இருக்கிறார். ஊட்டித் தெருக்களில் திரியும் குதிரைகளைப் பாருங்கள், சீசன் வந்தால் சேணம் ஏறிவிடும். அவிழ்ந்து திரிவதையும் ஆளற்றுப் போவதையும் ஒன்றாக்க வேண்டாம்.

> மீள்காட்டுப் பன்றி

மன்னிக்கவும் ஐயா. மீள்பார்வை, மீள்பதிவு, மீளாய்வு என்று நம் குழுவில் யார் எதற்குச் சொல் கேட்டாலும் ஒரு 'மீள்' வந்து நிற்கிறது. பண்ணையில் பிறந்து பண்ணைத் தீனி தின்ற குட்டி எந்தக் காட்டுக்கு மீள்கிறது?

என் பரிந்துரை: பட்டி தப்பிய பன்றி. நீளமாக இருக்கிறது என்பவர்கள் பட்டிதப்பி என்று சுருக்கிக்கொள்ளலாம். பட்டி என்றால் கால்நடையை அடைக்கும் இடம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு காலத்தில் அடைபட்டுக் கிடந்தது, அடைத்தவர் ஒருவர் இருந்தார், பிறகு தப்பியது என்ற மூன்றும் இதற்குள் வந்துவிடுகின்றன. அந்த மாணவன் இதைப் படித்திருந்தால் நம் ஊர்ப் பன்றியோடு குழப்பிக்கொண்டிருக்க மாட்டான்.

இதே அச்சில் மற்றவற்றையும் வார்க்கலாம். தோட்டம் தப்பிய செடி என்றால் நீலகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: அழகுக்காக வந்த உண்ணிச்செடி வேலி தாண்டி முதுமலைக் காட்டின் அடித்தளம் முழுக்கப் படர்ந்திருக்கிறது, மஞ்சளாகப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புல்வெளியைத் தின்கிறது. கூண்டு தப்பிய கிளி, தொட்டி தப்பிய மீன். பூனைக்கு ஏது பட்டி என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். வீடு தப்பிய பூனை என்று எழுதுங்கள், யார் தடுக்கிறார்கள்? ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்தான் வேண்டும் என்று யாரிடமும் எழுதிக்கொடுக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் பன்றியின் குட்டியைக் குருளை என்றும் பெண்ணைப் பிணவு என்றும் சொல்கிறது. இப்படி விலங்குக்கு விலங்கு தனிப்பெயர் பார்த்த மொழி இது.

எமெர்ஜிங் என்பதற்கு 'வளர்ந்துவரும்' வேண்டாம். வளர்ந்துவரும் நடிகர் என்பது போலப் பாராட்டாக ஒலிக்கிறது. தலையெடுக்கும் அயல் இனம் என்றால் போதும். இன்வேசிவ் என்பதற்கு 'ஆக்கிரமிப்பு' பழகிவிட்டது. புறம்போக்கு வாசனை அடித்தாலும் அதை மாற்றப் போராட எனக்குத் தெம்பில்லை.

சாரின் கட்டுரையில் என்னை உறுத்துவது வேறொரு சொல், வேட்டை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டைதான். 1879லேயே நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட மலையில் பள்ளிச் சுவரில் 'பன்றி வேட்டை' என்று எழுதி ஒட்டுவதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். ஏற்கெனவே சுருக்குக் கம்பியும், தீனிக்குள் வெடி பொதிந்த அவுட்டுக்காயும் பன்றிக்கென்று வைக்கப்படுகின்றன. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் பட்டினியில் சாவதைப் பற்றி நாம் செய்தியில் படிக்கத்தானே செய்கிறோம்.

அமெரிக்காவிலேயே இந்தச் சொல் என்ன செய்தது என்று பாருங்கள். டென்னசி மாநிலத்தில் 1999இல், பன்றிகளைக் குறைக்கலாம் என்று நினைத்து மாநிலம் முழுக்க வேட்டையைத் திறந்துவிட்டார்கள், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம் என்று. பன்றி அதிகமாகப் பரவியது அந்த ஆண்டுகளில்தான். சுடுவதில் ருசி கண்டவர்கள் பன்றிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இல்லாத இடங்களிலும் விட்டார்கள். 2011இல் அதை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, அழிவு செய்யும் விலங்கு என்று மாற்றி, பொழுதுபோக்கு வேட்டைக்குத் தடை போட்டார்கள். இன்னொன்று, துப்பாக்கிச் சத்தம் கேட்டால் செத்தது இரண்டு, சிதறியது இருபது. பிழைத்தவை அடுத்த பள்ளத்தாக்கில் போய்ப் பெருகும். ஆகவே பெரிய வளையப் பட்டி ஒன்றை அமைத்து, பல நாள் தீனி போட்டுப் பழக்கி, மொத்தக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை விழவைப்பதுதான் நல்ல வழி என்கிறார்கள். (பட்டி தப்பியதற்கு மறுபடியும் பட்டி!)

எனவே பொழுதுபோக்குக்கு மட்டும் வேட்டை என்று எழுதுங்கள். கணக்கு வைத்துக் குறைப்பதற்குக் கழித்தல் என்ற சொல் கோழிப்பண்ணைக்காரர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. முட்டை ஓய்ந்த கோழியைக் கழிப்பார்கள். அதில் வீரமும் இல்லை, மீசை முறுக்கலும் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. ஒருவர் 'களையெடுப்பு' என்று கேட்டிருந்தார். மனிதர்களைக் கொன்றதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார்கள், எனக்கு ஒப்பவில்லை.

நம் அரசின் அறிவிப்பையும் பக்கத்தில் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள். 2025 ஜனவரியில் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. நம் மலையில் பெரும்பாலான தோட்டம் காட்டை ஒட்டியே இருக்கிறது, ஆகவே பழைய சேலையை வேலியாகக் கட்டுவதுதான் நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பட்டுச்சேலைகூடத் தொங்குகிறது. கதை கேட்கத் துணிவில்லை.

இரண்டு சின்னச் சொற்கள் பாக்கி. சவுண்டர் என்ற பன்றிக் கூட்டத்துக்குக் கிளை என்று எழுதலாம். புறநானூற்று 168ஆம் பாட்டில் கேழல் 'கிளையொடு' வந்து காந்தள் கிழங்கைக் கிண்டி மண்ணை உழுதுவிட்டுப் போகிறது. குறவர் அந்தப் புழுதியிலேயே, ஏர் பூட்டாமல், தினை விதைக்கிறார்கள். பன்றி தோண்டியதில் லாபம் பார்த்த மலைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள்! தாயும் பிள்ளைகளும் உறவுமாகத் திரியும் கூட்டம் என்பதால் 'கிளை' அச்சாகப் பொருந்துகிறது. இன்னொன்று, ஒரு பன்றிக்கு ரேடியோப் பட்டை மாட்டி விட்டு, அது போய்ச் சேரும் கூட்டத்தைப் பிடிக்கும் முறை. அங்கே அதற்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் பார்வைப்பன்றி என்று சொல்லலாம். மானை வைத்து மானைப் பிடிப்பதற்குப் பழக்கிய மானைப் பார்வை என்றுதானே நம் பழைய வேட்டுவர்கள் சொன்னார்கள்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு சங்கடம். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம். அவர்களுக்குப் பட்டி என்றால் நாய். 'பட்டி தப்பிய பன்றி' என்று எங்கள் பள்ளிச் சுவரில் எழுதினால், நாயிடமிருந்து தப்பிய பன்றி என்று சிரித்துவிட்டுப் போவார்கள். 'கொட்டில் தப்பிய' என்றால் ஆகாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. அந்த நோய்க்குப் பட்டியும் காடும் ஒன்றுதான். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பன்றிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஊட்டியிலிருந்து:

கூடலூர்த் தம்பிக்கு. எங்கள் படுகர் மொழியில் ஊரையே ஹட்டி என்போம். தமிழ்ப் பகரம் எங்களிடம் ஹகரம் ஆகிவிடும், பன்றி ஹந்தி ஆனது போல. ஆகவே குன்னூர்க்காரர் சொன்னது என் காதில் 'ஹட்டியை விட்டு ஓடின ஹந்தி' என்றே விழுகிறது. எனக்குச் சரி. கொட்டில் என்றால் கூரை போட்டது. கனடாவில் அவை வேலிக்குள் திறந்தவெளியில் வளர்ந்தவை, அதற்குப் பட்டிதான் பொருத்தம்.

கொடைக்கானலிலிருந்து:

சண்டைக்கு நானும் வருகிறேன். எங்கள் பக்கம் மலை மேலே வில்பட்டி, கீழே இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டி. வில்பட்டியைத் தப்பிய பன்றி என்று படித்தால் அந்த ஊர்க்காரர்கள் என் மேல் வழக்குப் போடுவார்கள் என்று பயந்தேன்.

சரி, வாயில் போட்டுப் பார்ப்போம் என்று நேற்றுப் பூம்பாறைக்குப் போனபோது ஒருவரிடம் சொன்னேன். பூண்டுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் பட்டி தப்பின பன்னிங்க லட்சக்கணக்கில் பெருகி வெள்ளாமையை அழிக்குதாம் என்றேன். நாய் என்றோ ஊர் என்றோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, "யாரு பட்டி?" என்றார். சொன்னேன். "அப்ப பட்டிக்காரன் நட்டம் கட்டினானா?" என்று கேட்டார்.

சார், நீங்கள் பட்டி தப்பிய பன்றி என்றே எழுதுங்கள்.