ஆன்-2 ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஜெர்மனியில் நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டு ஒரு பழைய அன்டோனோவ் ஆன்-2 விமானம் வைத்திருக்கிறோம். இரட்டை இறக்கை, வட்டமாக அமைந்த 9 சிலிண்டர் எஞ்சின், 1000 குதிரைத்திறன். பெட்ரோல் செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டில் தெரிந்தால் வம்பு!

பிரச்சினை எண்ணெயில். மூன்று வாரம் சும்மா நின்றாலே எண்ணெய் கசிந்து கீழ் சிலிண்டர்களில் இறங்கிவிடுகிறது. போன சனிக்கிழமை ஸ்டார்ட் செய்வதற்கு முன் வழக்கம்போல ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினோம். மூன்றாவது இலையில் கெட்டியாக நின்றுவிட்டது. நல்லவேளை, யாரும் முரட்டுத்தனமாகத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால், உள்ளே தேங்கிய எண்ணெய் அமுங்காது, பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அடி சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று அரை டம்ளர் எண்ணெய், என் சட்டைக் கை முழுக்க.

எண்ணெய்த் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயில் மூடும் வால்வு போடலாம் என்கிறார் ஒரு பங்காளி. எனக்குப் பயம். ஒருநாள் திறக்க மறந்தால் எண்ணெய் போகாமல் எஞ்சினே காலி.

அப்படி வால்வு போட்டவர்கள் இருக்கிறீர்களா? மூடியிருந்தால் ஸ்டார்ட்டரே வேலை செய்யாதபடி ஸ்விட்ச் வைத்தீர்களா? இல்லை, ஒவ்வொரு முறையும் அடி பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழியா? படம் இருந்தால் போடுங்கள்.