வடக்கு மாசி வீதி வீடு: காவ்யா சிகாகோ போகிறாள்

மே 24, ஞாயிறு

அம்மா: வியாழக்கிழமை விடிந்தால் இவள் கிளம்புகிறாள். பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை. வித்யா, நீ அங்கே 4 வருஷம் படித்தவள். எதை வைக்கலாம், எது கூடாது என்று சொல்லிவிடு.

வித்யா அக்கா: இதுவரை என்ன வைத்திருக்கிறீர்கள் சித்தி?

அம்மா: பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், மாவடு, ஒரு கிலோ நெய், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, குக்கர், சின்ன மிக்ஸி.

கார்த்தி: அக்காவின் துணிமணிக்கு இடம் இருக்கிறதாம்மா?

வித்யா அக்கா: பொடிகளும் குக்கரும் இருக்கட்டும். கறிவேப்பிலையை முதலில் வெளியே எடுங்கள். பச்சை இலைக்கு அங்கே தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நாசம் செய்கிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். நெய் அங்கேயே கிடைக்கும், எடைதான் மிச்சம்.

வித்யா அக்கா: மிக்ஸியும் வேண்டாம். நம் மிக்ஸிக்கு 230 வோல்ட், அங்கே வருவது 120. பிளக்கை மாற்றினாலும் ஒழுங்காக ஓடாது. போன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று எழுதியிருக்கும். அதற்குத் தட்டை முள் அடாப்டர் ஒன்று போதும்.

அம்மா: அப்போ சட்னி?

வித்யா அக்கா: டெவான் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது சித்தி. அங்கே அந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற மிக்ஸியே விற்கிறார்கள். அமெரிக்கா முழுக்கக் கிளை வைத்திருக்கும் பட்டேல் பிரதர்ஸின் முதல் கடை 1974இல் அந்தத் தெருவில்தான் திறந்தார்கள். வெண்டைக்காய், முருங்கைக்காய், இட்லி அரிசி, எல்லாம் உண்டு. இவள் தங்கப்போகிற ராஜர்ஸ் பார்க்கிலிருந்து 155ஆம் எண் பஸ் நேராக அங்கே போகும்.

வித்யா அக்கா: காவ்யா, சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டால் இருக்கிறது என்றே சொல். கூடாதது ஏதாவது இருந்தால் எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்து மாட்டினால்தான் அபராதம்.

நான்: சரிக்கா. என் விசாவுக்கு ஆதாரமான டிஎஸ்-2019 தாளைப் பெரிய பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன், கசங்காமல்.

வித்யா அக்கா: ஐயோ. அதைக் கைப்பையில் வை. குடிவரவு அதிகாரியைத் தாண்டிய பிறகுதான் பெட்டியே உன் கைக்கு வரும். பாஸ்போர்ட், டிஎஸ்-2019, காப்பீட்டுத் தாள், ஆய்வகத்தின் கடிதம் நான்கும் உன் மடியில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும், நீ நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் தேதியும் சரியா என்று பார்த்து, அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்.

அப்பா: விமான நிலையத்திலிருந்து அறைக்கு ரயில் இருக்கிறதாமே?

வித்யா அக்கா: இருக்கிறது சித்தப்பா. ஓஹேரிலிருந்து புளூ லைன், ராத்திரி பகல் இல்லாமல் ஓடும். ஆனால் இவள் இறங்குவது 5ஆம் டெர்மினலில். அங்கிருந்து இலவச ரயிலில் பக்கத்து டெர்மினலுக்குப் போய், கீழே இறங்கி புளூ லைன் பிடித்து, நடு ஊரில் ஜாக்சனில் ரெட் லைனுக்கு மாறி, மறுபடி வடக்கே லயோலா வரை வர வேண்டும். இரண்டு பெட்டியோடு, தூக்கம் கெட்ட கண்ணோடு, முதல் நாளே இது வேண்டாம். அன்று மட்டும் டாக்ஸி. வரிசையில் நின்று ஏறு. உள்ளேயே வந்து டாக்ஸி வேண்டுமா என்று கேட்பவன் பின்னால் போகாதே.

வித்யா அக்கா: செயலியில் கார் கூப்பிட்டால் நம்பர் பிளேட்டைப் பார். யார் பெயரில் பதிவு என்று அவரையே சொல்லச் சொல். நீயாக "காவ்யாவுக்கா?" என்று கேட்காதே.

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) *எச்சரிக்கை!! சிகாகோவில் மாலை 6 மணிக்கு மேல் வெளியே வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்!!*

அம்மா: என்ன இது??

வித்யா அக்கா: அப்பா, நான் அங்கே ராத்திரி 10 மணிக்கு நூலகத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அப்போது நீங்கள் எதுவும் பகிரவில்லையே.

பெரியப்பா: அப்போது எனக்கு வாட்ஸ்அப் தெரியாது.

வித்யா அக்கா: சித்தி, துப்பாக்கிச் சம்பவம் அங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர் முழுக்க ஒரே மாதிரி கிடையாது. சில வட்டாரங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது, மற்ற இடங்களில் ஜனங்கள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இவளுக்கு நிஜமாக வரக்கூடிய தொல்லை போன் பறிப்பு. ரயில் கதவு மூடுகிற நேரத்தில் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடிவிடுவார்கள். கதவோரம் உட்கார்ந்து போன் நோண்டாதே. ராத்திரி ஓட்டுநர் இருக்கிற முதல் பெட்டியில் ஏறு. பெட்டியில் யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு மாறிவிடு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வித்யா அக்கா: போலீஸ் நிறுத்திக் கேட்டால் சட்டென்று பைக்குள் கையை விடாதே. கை வெளியே தெரியட்டும். அடையாள அட்டை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடு. அவசரத்துக்கு 911, எந்தப் போனிலிருந்தும் அடிக்கலாம்.

அத்தை: காய்ச்சல், தலைவலிக்கு டோலோ நாலு அட்டை வைத்துவிடுங்கள் அண்ணி.

வித்யா அக்கா: இரண்டு அட்டை போதும் அத்தை. அங்கே பாராசிட்டமால் என்று கேட்டால் பலருக்குப் புரியாது, அசிட்டமினோபென் என்பார்கள். டைலினால் என்று விற்பது அதுதான். டோலோவைப் போட்டுவிட்டு மேலே அதையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகும், ஜாக்கிரதை.

வித்யா அக்கா: காய்ச்சல், கால் சுளுக்கு என்றால் அர்ஜென்ட் கேர் என்று போர்டு இருக்கிற இடத்துக்குப் போ. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும். என் அறைத்தோழி வயிற்றுவலிக்கு அங்கே போனாள். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பில் வந்தபோது மறுபடி வயிறு வலித்தது. போகும் முன் காப்பீட்டு அட்டையின் பின்னால் இருக்கிற எண்ணுக்கு அடித்து, எந்த இடம் என்று கேட்டுவிடு.

கார்த்தி: அங்கே கஞ்சாவுக்குக் கடையே இருக்கிறதாமே

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: பார்த்துவிட்டேன்.

வித்யா அக்கா: கேட்டது நல்லதுதான் சித்தப்பா. இலினாய் மாநிலத்தில் 21 வயது ஆனவர்களுக்கு 2020 முதல் அது சட்டப்படி சரி. ஆனால் மத்திய சட்டப்படி குற்றம். விசா கொடுப்பது மத்திய அரசு. காவ்யா, கூட வேலை செய்பவர்கள் சாதாரணமாக நீட்டுவார்கள், அவர்கள் குடிமக்கள். நீ தொடாதே, கையில் வைத்துப் படம்கூட எடுக்காதே. அதே மாதிரி, ஜே-1 விசாவில் அந்த ஆய்வக வேலை மட்டும்தான். வார இறுதியில் குழந்தை பார்த்துக்கொள், கையில் காசு தருகிறேன் என்று நம் ஊர்க்காரரே கேட்டாலும் கூடாது.

தாத்தா: நான் ஒன்று சொல்லலாமா? நீளமாக இருக்கும்.

நான்: சொல்லுங்க தாத்தா.

தாத்தா: 1893. விவேகானந்தருக்கு அப்போது முப்பது வயது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் மற்ற இளைஞர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். ராமநாதபுரம் சேதுபதியும் உதவினார். ஜூலைக் கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். சர்வசமய மாநாடோ செப்டம்பர் 11இல்தான். ஊரில் விலைவாசி அதிகம், கைப்பணம் கரைகிறது, செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். செப்டம்பரில் திரும்பி வந்தபோது மாநாட்டு அலுவலக முகவரி எழுதிய தாள் தொலைந்துவிட்டது. விசாரித்தால் யாருக்கும் விளங்கவில்லை. ரயில் யார்டில் காலிப் பெட்டி ஒன்றில் படுத்தார். காலையில் வீடு வீடாகக் கேட்டுப் போனார், முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். நடந்து ஓய்ந்து தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டிலிருந்து ஹேல் என்ற அம்மாள் இறங்கி வந்து, நீங்கள் மாநாட்டுக்கு வந்தவரா என்று கேட்டு, உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டு, தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அந்த உரையை எல்லாரும் சொல்வார்கள். நான் 34 வருஷம் வகுப்பில் இந்த முகவரி தொலைந்த கதையைத்தான் சொன்னேன்.

அத்தை: எனக்கும் 7ஆம் வகுப்பில் சொன்னீர்கள் அப்பா.

தாத்தா: ஆகவே பாப்பா, முகவரியைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்.

நான்: தாத்தா, இப்போது எல்லாம் போனில் இருக்கிறதே.

வித்யா அக்கா: தாத்தா சொல்வதைக் கேள். முதல் வருஷம் ஜனவரியில் 40 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த போன் குளிரில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. வீடு மாறி ஒரு வாரம்தான். தெருப் பெயர் ஞாபகம் இருக்கிறது, கதவு எண் இல்லை. யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. ஒரு காபிக் கடையில் கெஞ்சி சார்ஜ் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் இதுவரை சொல்லவில்லை.

பெரியப்பா: ஏன் சொல்லவில்லை?

வித்யா அக்கா: இதற்குத்தான்.

வித்யா அக்கா: கதவு எண் மட்டும் தெரிந்தால் அந்த ஊரில் தொலைந்துபோவதே கஷ்டம். மதுரையில் மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சுற்றி வரும் இல்லையா, அங்கே ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் சந்திக்கிற மூலைதான் நடு. அதிலிருந்து 800 எண்ணுக்கு ஒரு மைல். டெவான் 6400 வடக்கு என்றால் நடு ஊரிலிருந்து 8 மைல். திசை குழம்பினால் மிச்சிகன் ஏரி எங்கே என்று பார். அது எப்போதும் கிழக்கு.

அப்பா: நல்ல ஏற்பாடு.

நான்: அக்கா, டிப்ஸ் எவ்வளவு? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வித்யா அக்கா: உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம். பரிமாறுபவர்களுக்குப் பல இடங்களில் சட்டப்படியே அடிப்படைக் கூலி குறைவு, டிப்ஸை நம்பித்தான் பிழைப்பு. கவுண்டரில் காபி வாங்கும்போதும் திரையைத் திருப்பி 20, 25 என்று காட்டுவார்கள். அங்கே கூச்சப்படாமல் வேண்டாம் என்று அழுத்தலாம். நான் ஆறு மாசம் கூச்சப்பட்டேன். விலைச்சீட்டில் வரி சேராது, சிகாகோவில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல். 20 டாலரோடு போய் 19.50 பொருளை எடுக்காதே.

அத்தை: சைவம் கிடைக்குமா?

வித்யா அக்கா: கிடைக்கும் அத்தை. ஆனால் காய்கறி சூப் என்று எழுதியிருக்கும், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். கேட்டுவிட வேண்டும். அறையில் சமைத்தால் இன்னொரு தொல்லை, தாளிப்பு. கடுகும் வரமிளகாயும் புகைந்தால் கூரையில் இருக்கிற கருவி அலறும். முதலில் ஜன்னலைத் திற, விசிறியைப் போடு, அப்புறம் எண்ணெய் வை.

வித்யா அக்கா: கடைசியாக ஒன்று. குடிவரவுத் துறை பேசுகிறேன், உன் விசாவில் பிரச்சினை, உடனே கிப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று போன் வரும். உன் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வான். எந்த அரசு அலுவலகமும் கிப்ட் கார்டில் பணம் வாங்காது. வைத்துவிட்டு எனக்கு அடி.

அம்மா: தினமும் எத்தனை மணிக்குப் பேசுவாள்?

வித்யா அக்கா: இப்போது பத்தரை மணி நேரம் பின்னால். உங்களுக்கு ராத்திரி 8 என்றால் அவளுக்குக் காலை 9.30, வேலையில் இருப்பாள். நீங்கள் காலையில் காபி போடும்போது அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்போது பேசுங்கள் சித்தி.

மே 29, வெள்ளி

நான்: வந்துவிட்டேன். அறையில்தான் இருக்கிறேன். இங்கே இன்னும் வியாழன் ராத்திரி. அதிகாரி இரண்டே கேள்வி கேட்டார். மாவடுவைத் திறந்து பார்த்து, மூடிக் கொடுத்துவிட்டார்.

அம்மா: சாப்பிட்டாயா?

நான்: வாழைப்பழம். குளிருகிறதம்மா, மே மாசம் என்று நம்பி ஏமாந்தேன். ஏரிக் காற்று. போனில் 52 டிகிரி காட்டுகிறது.

பெரியப்பா: 52 டிகிரியில் குளிரா??

நான்: பாரன்ஹீட் பெரியப்பா. நம் கணக்கில் 11.

தாத்தா: தாள்?

நான்: ஒன்று பாஸ்போர்ட்டுக்குள், ஒன்று செருப்புப் பைக்குள் இருக்கிறது தாத்தா. எடுக்க வேண்டி வரவில்லை.

தாத்தா: அங்கேயே இருக்கட்டும்.

ஜூன் 2, செவ்வாய்

நான்: அக்கா இருக்கிறாயா?? ஊர் முழுக்க சைரன் அலறுகிறது. ஆய்வகத்தில் ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மா: என்னடி ஆச்சு? எங்கே இருக்கிறாய்? கீழே இறங்கு.

பெரியப்பா: நான் அன்றே சொன்னேன்.

அப்பா: போன் எடுக்கமாட்டேன் என்கிறாள்.

வித்யா அக்கா: அங்கே மணி பத்தா?

நான்: ஆமாம், சரியாகப் பத்து.

வித்யா அக்கா: மன்னித்துவிடு, இதைச் சொல்ல மறந்தே போனேன். சூறாவளி எச்சரிக்கை சைரன். ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குச் சோதனை பார்ப்பார்கள். வேறு நாளில், வானம் கறுத்திருக்கும்போது கேட்டால் மட்டும் ஜன்னலை விட்டு விலகி அடித்தளத்துக்குப் போ.

நான்: நின்றுவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் சிரிக்கிறார். முதல் மாதம் அவரும் மேஜைக்கு அடியில் போனாராம்.

அம்மா: எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

தாத்தா: டைரியில் குறித்துக்கொண்டேன். அடுத்தது ஜூலை 7. நமக்கு ராத்திரி எட்டரை.