சேர்வர் மத்தியானத்தில் தானாக நின்று எழும்புகிறது: மெமரிப் பழுதா?

கொக்குவில்வாசி:
யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கணக்காளர் கந்தோரின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் இரண்டேகால் மணிபோல நின்று, பிறகு தானாகவே எழும்புகிறது. லினக்ஸ் லொக் பாதியில் அறுந்து கிடக்கிறது. சேர்வரின் வன்பொருள் லொக்கைக் காட்டும் ஐபிஎம்ஐடூலில் ‘செல் ஈலிஸ்ட்’ போட்டுப் பார்த்தேன். 08:10க்கு டிம் ஏ2இல் (ஒரு மெமரி ஸ்லொட்) ‘கரெக்டபிள் ஈசிசி’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, திகதி வரவேண்டிய இடத்தில் ‘ப்ரீ-இனிட்’, பக்கத்தில் 0000000021. பிறகு 08:46 முதல் ஒழுங்கான நேரங்கள். முதலாளி மெமரியை மாற்றச் சொல்கிறார். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், விலையும் கூட. மாற்றத்தான் வேண்டுமா?

வடலி:
தம்பி, மெமரியை இப்போதைக்கு விடுங்கள். கரெக்டபிள் என்றால் ஒரு பிட் பிசகியது, மெமரியின் பிழைதிருத்தும் வசதியான ஈசிசியே திருத்திவிட்டது. அதற்காகச் சேர்வர் நிற்காது. நிறுத்தக்கூடியது ‘அன்கரெக்டபிள்’. அது உங்கள் பட்டியலில் இல்லை.

பார்க்க வேண்டியது ப்ரீ-இனிட் வரியை. இந்த லொக்கை எழுதுவது லினக்ஸ் இல்லை, மதர்போர்டில் தனியாக இருந்து வன்பொருளைக் கண்காணிக்கும் பிஎம்சி என்ற சின்னக் கணினி. சேர்வரை ஓஃப் செய்தாலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது விழித்திருக்கும். மெமரி பழுதாகி லினக்ஸ் விழுந்திருந்தால், பிஎம்சி நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருந்திருக்கும். இங்கே பிஎம்சியே புதிதாகத் தொடங்கியிருக்கிறது, அதன் மணிக்கூடு அப்போது இன்னும் சரியாகவில்லை. 21 என்பது தொடங்கிய பிறகு ஓடிய செக்கன்கள். பிஎம்சி மட்டும் ரீசெட் ஆனாலும் இந்த வரி வரும், ஆனால் அப்போது லினக்ஸ் நிற்காது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது. பெட்டிக்கு வரும் கரண்ட் முழுக்க அறுந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

08:46ஐயும் அப்படியே எடுக்காதீர்கள். 5:30 கூட்டினால் 14:16, நீங்கள் சொன்ன அதே நேரம். பிஎம்சி யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது.

பவர் சப்ளை இரண்டா? எதில் சொருகியிருக்கிறது?

கொக்குவில்வாசி:
இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் அண்ணை. அந்த நேரம் கரண்ட் ஒருக்காப் போய் வந்ததாகப் பக்கத்துக் கடையிலும் சொன்னார்கள்.

நெய்தல்:
யூபிஎஸ் பற்றரியைப் பாருங்கள். ஒரு சப்ளையை யூபிஎஸ்ஸில் விட்டு, மற்றதை நேரடி லைனுக்கு மாற்றுங்கள். பிறகு ஒரு பக்கம் போனாலும் பிஎம்சி உயிரோடு இருந்து, எந்தப் பக்கம் போனதென்று எழுதும். முதலில் லொக்கைக் கோப்பாகச் சேமியுங்கள். ‘செல் இன்ஃபோ’வில் ஓவர்ஃப்ளோ ‘ட்ரூ’ என்று இருந்தால் லொக் நிரம்பி, சில நிகழ்வுகள் பதியாமலே போயிருக்கும்.

வடலி:
ஏ2இல் அதே வரி திரும்பத் திரும்ப வந்தால், அந்த மெமரியை வேறு ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள். பிழையும் கூடவே போனால் மட்டும் மாற்றலாம்.

கொக்குவில்வாசி:
ஒரு சப்ளையை நேரடி லைனுக்கு மாற்றிவிட்டு, பின்னேரம் எல்லோரும் போன பிறகு யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினேன். உடனே யூபிஎஸ் செத்துவிட்டது. சேர்வர் நிற்கவில்லை. லொக்கில் 12:35க்கு ‘பவர் சப்ளை 1, ஏசி லொஸ்ட், அசர்ட்டட்’, அதாவது அந்தச் சப்ளைக்குக் கரண்ட் போய்விட்டது. பிளக்கைத் திரும்பப் போட்டதும் அதே வரி ‘டீஅசர்ட்டட்’ (அந்த நிலை நீங்கிவிட்டது) என்று வந்தது. முதலாளிக்கு அதை அப்படியே காட்டினேன். பற்றரிக்குச் சொல்லியாகிவிட்டது, மெமரி வாங்கவில்லை.