சளி மாத்திரைக்கு லைசென்ஸ் கேட்டார்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆஸ்டின்காரர்:

ஜனவரியில் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். வந்த நான்காம் நாள் எனக்குச் சளி பிடித்தது, அடுத்த நாள் அம்மாவுக்கு. மூக்கடைப்பு தாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கினார். எனக்கு சூடஃபெட் (சூடோஎஃபெட்ரின் என்ற மருந்து உள்ள மூக்கடைப்பு மாத்திரை) கேட்டது. சரி, அம்மாவுக்கும் ஒரு பெட்டி வாங்கலாம் என்று அதே கடைக்குப் போனேன்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாத்திரை இங்கே அலமாரியில் இருக்காது. பெட்டியின் படம் போட்ட ஒரு சீட்டு மட்டும் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு மருந்து கவுண்டருக்குப் போய், அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்து, அவர்கள் ஸ்கேன் செய்து, நாம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாத்திரை கைக்கு வரும். தெருமுனை மெடிக்கலில் "நாலு குடுங்க" என்றதும் அட்டையைக் கத்தரித்து நீட்டும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது பழகவே சில வருடங்கள் ஆயின.

அன்று கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். "இந்த மாதத்துக்கான உங்கள் அளவு தாண்டிவிடும், தர முடியாது" என்றார். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். திருட்டு நகையை அடகு வைக்க வந்தவன் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அம்மாவின் பாஸ்போர்ட்டை நீட்டிப் பார்த்தேன், அந்தக் கடையில் ஏற்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. மனைவிக்கு சீடர் ஃபீவர். குளிர்காலம் வந்தால் ஆஸ்டின் சுற்றுவட்டாரத்து ஜூனிபர் மரங்கள் மகரந்தத்தைப் புகை மாதிரி கக்கும், அவள் கண்ணும் மூக்கும் ஒழுகும். அதற்கு அவள் சாப்பிடும் "டி" போட்ட அலர்ஜி மாத்திரையிலும் இதே சூடோஎஃபெட்ரின். 15 மாத்திரைப் பெட்டி, இரண்டு. இரண்டையும் வாங்கியது என் லைசென்ஸில்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

போர்ட்லேண்ட் வாசி:

லைசென்ஸோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள். நான் 2009-ல் ஒரேகான் வந்தபோது டாக்டர் சீட்டு இல்லாமல் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். 2006 ஜூலையில் வந்த சட்டம், 2021 முடியும் வரை இருந்தது. மாநிலம் முழுக்க இப்படிக் கட்டாயப்படுத்தியவை ஒரேகானும், 2010-ல் மிசிசிப்பியும்தான். இரண்டுமே 2022 ஜனவரியில் கைவிட்டன.

சில டாலர் மாத்திரைக்கு டாக்டரைப் பார்த்து, அதற்கு கோ-பே (காப்பீடு போக நம் பங்கு) கட்டி... மூன்றாம் நாள் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் சளி தானே போய்விடும். ஒருமுறை பொறுக்க முடியாமல் கொலம்பியா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்து வான்கூவருக்குப் போய் வாங்கிவந்தேன். ஒரேகானில் விற்பனை வரி இல்லை என்பதால் அந்தக் கரைக்காரர்கள் டிவி வாங்க எங்கள் பக்கம் வருவார்கள். நான் மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போய், மாத்திரைக்கு வரியும் கட்டிவிட்டு வந்தேன்.

மிசூரி மருந்தாளுநர்:

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவள் நான். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் நாங்கள் பார்த்ததையும் கேளுங்கள்.

சூடோஎஃபெட்ரினும் மெத் என்கிற மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருளும் வேதியியலில் பங்காளிகள். 2000-களின் தொடக்கத்தில் எங்கள் மாநிலத்தில் வீட்டுச் சமையலறையிலும் மோட்டல் அறையிலும் இந்த மாத்திரையிலிருந்து மெத் காய்ச்சினார்கள். தீப்பிடித்து வெந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. 2004-ல் முதன்முதலாக ஓக்லஹோமா இந்த மாத்திரையை மருந்தாளுநர் கைக்கு மாற்றியது. மெத் விவகாரத்தில் உயிர்விட்ட மூன்று காவலர்களின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. 2006 மார்ச்சில் நாடு முழுமைக்குமான சட்டம் கையெழுத்தாகி, அந்த செப்டம்பர் கடைசியில் எல்லாக் கடைகளிலும் மாத்திரை கவுண்டருக்குப் பின்னால் போய்விட்டது.

முதலில் காகிதப் பதிவேடு வைத்திருந்தோம். அதில் ஒரு கடைக்கு மற்ற கடை தெரியாது. அதை வைத்துத்தான் "ஸ்மர்ஃபிங்" நடந்தது, அதாவது கடை கடையாக ஏறி இறங்கி ஒவ்வொரு பெட்டியாகச் சேர்ப்பது. ஒரு மாலை ஒரே காரிலிருந்து நான்கு பேர் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் வந்தார்கள். நான்கு பேர் வீட்டிலும் குழந்தைக்குச் சளியாம். இன்னொரு நாள் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டுப் பையன் பணம் கொடுத்து அனுப்பியிருக்கிறான், எதற்கென்றே அவருக்குத் தெரியவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியது இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது கடைகளை இணைக்கும் கணினிப் பதிவு வந்துவிட்டதால் ஸ்கேன் செய்த நொடியில் தெரிந்துவிடும்.

ஆஸ்டின் சார், உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் வாங்கக்கூடிய சூடோஎஃபெட்ரின் ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளைக்கு 9 கிராம். பெட்டியில் மாத்திரைக்கு 240 மி.கி. என்று இருப்பது மருந்தோடு பிணைந்த வேதி உப்பும் சேர்ந்த எடை, சட்டம் உப்பைக் கழித்துவிட்டு எண்ணும். அப்படிப் பார்த்தால் 15 மாத்திரைப் பெட்டி ஏறத்தாழ 2.95 கிராம், இரண்டுக்கு 5.9. உங்களுடைய சூடஃபெட் 120 மி.கி.யில் 20 மாத்திரை என்றால் இன்னும் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு அதே பெட்டி சேர்ந்தால் 9.8 ஆகிவிடும், அதனால்தான் கணினி மறித்தது. தெரிந்தே 9-ஐத் தாண்டினால் விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் மாட்டிக்கொள்வார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டா? இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள். ரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் இது மூக்கைத் திறக்கிறது, அழுத்தமும் ஏறும்.

சான் ஹோசே வாசி:

நான் ஒரு கேள்வியே கேட்காமல் வாங்கிய முட்டாள். கவுண்டரில் நிற்கச் சோம்பல்பட்டு, அலமாரியில் இருந்த "பிஇ" பெட்டியைப் பல வருடங்கள் வாங்கினேன். அதில் இருப்பது ஃபீனைல்எஃப்ரின். குணமே தெரியாது, என் உடம்புதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 16 பேரும் ஒரே குரலில், வாய்வழி சாப்பிட்டால் இது மூக்கடைப்புக்குக் கேட்காது என்று வாக்களித்தார்கள். 2024 நவம்பரில், சளி மாத்திரைகளிலிருந்து இதை நீக்கலாம் என்று எஃப்டிஏவே முன்மொழிந்தது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேக்கு இது பொருந்தாது. வேலை செய்யும் மாத்திரையைப் பூட்டிவைத்துவிட்டு, வேலை செய்யாததை வெளியே அடுக்கியிருந்தார்கள்!

இன்னொன்று. ஜப்பான் வழியாகப் போகிறவர்கள் பையைச் சரிபாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎஃபெட்ரின் இருந்தால் அங்கே கொண்டுபோகத் தடை. போன வருடம் டோக்கியோவின் நரீட்டா விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்தான் எனக்கு இது தெரியவந்தது. விமானக் கழிவறைக் குப்பையில் போட்டேன்.

போர்ட்லேண்ட் வாசி:

மிசூரி மேடம், வீட்டில் காய்ச்சுவது குறைந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மெத் குறைந்ததா? மெக்சிகோவிலிருந்து வேறு மூலப்பொருளில் காய்ச்சி மூட்டை மூட்டையாக வருகிறது, அதற்கு என் சளி மாத்திரை தேவையே இல்லை.

மிசூரி மருந்தாளுநர்:

வருகிறது, உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் வீடு வெடிப்பதில்லை. அந்த ஒன்றுக்காக நான் லைசென்ஸ் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஆஸ்டின்காரர்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா பத்து வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை, அந்தப் பெட்டி கிடைத்திருந்தால் கொடுத்திருப்பேன். உப்புநீர் ஸ்ப்ரேயும் ஆவியுமாக ஒரு வாரத்தில் சரியானார். "சளிக்குமாடா லைசென்ஸ்?" என்று ஊருக்குப் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி இப்போது தன் மாத்திரையைத் தன் லைசென்ஸில் வாங்குகிறாள். நான் என் 9 கிராமைக் கைபடாமல் வைத்திருக்கிறேன்.