பால் கொடுக்கும்போது காம்பில் வெடிப்பும் எரிச்சலும்: எப்படி ஆற்றுவது?

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். சிசேரியன் ஆகி, இப்போது மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு இரண்டாவது வாரம் நடக்கிறது. பால் நன்றாகவே சுரக்கிறது. குழந்தை சிறுநீர் கழிப்பதிலும் குறையில்லை. என் துன்பமெல்லாம் முலைக்காம்புகளில்தான். இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது. இடப்பக்கக் காம்பின் அடியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. குழந்தை வாய் வைத்ததும் கால் விரல்கள் மடங்கிக்கொள்ளும் அளவுக்கு வலிக்கிறது. நேற்று அவள் கக்கிய பாலில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன்.

அம்மா விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார். நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் மாமியார் ஒவ்வொரு முறையும் வீட்டு வெண்ணெய் கொண்டுவருகிறார். பக்கத்து வீட்டு அக்கா தேன் என்கிறார். பிரசவமான மருத்துவமனையில் கேட்டதற்கு, முதல் குழந்தை என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு களிம்பை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் சிறிது நேரம் இதமாக இருக்கிறது. அடுத்த முறை பால் கொடுத்ததும் பழைய நிலைதான். எதைத் தடவினால் புண் ஆறும்? இரத்தம் கலந்த பாலைக் குழந்தை குடிக்கலாமா? இரண்டு நாள் பால் கொடுப்பதை நிறுத்திப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர் (கூத்தப்பாக்கம்):

தங்கைக்கு வணக்கம். பிரசவ வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தப் பழுப்புக் கோட்டைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். காம்பு வெடிப்பிலிருந்து பாலில் கலக்கும் சிறிதளவு இரத்தத்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கக்கும் பாலிலும் மலத்திலும் சற்றுக் கருமை தெரியலாம், அவ்வளவுதான்.

களிம்பு போட்டால் இதம், பால் கொடுத்தால் மறுபடியும் வலி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. புண்ணை உண்டாக்கும் செயல், ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை நடந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலான தாய்மாருக்கு, குழந்தை காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்றாமல், காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதால்தான் இந்தப் புண் வருகிறது. ஆழமாகப் பற்றும்போது காம்பு அண்ணத்தின் மென்மையான பின்பகுதி வரை சென்றுவிடும். அங்கே அதற்கு அடி விழாது. நுனியை மட்டும் கவ்வினால், நாக்குக்கும் அண்ணத்தின் கடினமான முன்பகுதிக்கும் இடையில் அது ஒவ்வொரு உறிஞ்சலிலும் நசுங்கும். குழந்தை வாயை எடுத்த கையோடு காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. பாதி தேய்ந்த உதட்டுச்சாயக் குச்சியைப் போல ஒரு பக்கம் சரிந்தோ, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்தோ இருந்தால் அது நசுங்கியிருக்கிறது.

சிசேரியன் ஆனவர்களுக்கு, குழந்தையைக் கையிடுக்கில் வைத்து அதன் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடிப்பதும், பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பதும் தையலில் பாரம் ஏறாமல் காக்கும். எந்த நிலையானாலும் குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு எந்தக் குழந்தையும் நன்றாகக் குடிக்காது. காம்பு அதன் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டில் காம்பால் மெல்லத் தீண்டி, வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, திறந்த நொடியில் முகவாய் முதலில் மார்பில் படும்படி குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து மார்பை அதன் வாய்க்குள் திணித்தால் உங்கள் முதுகும் வலிக்கும், பிடிப்பும் நழுவும். பின்தலையில் கைவைத்து அழுத்தவும் வேண்டாம். தோளையும் கழுத்தடியையும் தாங்கினால் போதும்.

வாய் அகலமாகத் திறந்திருப்பது, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருப்பது, முகவாய் மார்பில் ஒட்டியிருப்பது, கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிவது ஆகியவை சரியான பிடிப்பின் அடையாளங்கள். முதல் சில நாள்களில் தொடக்கத்தில் அரை நிமிடம் சுருக்கென்று இருப்பது இயல்பு. அதற்கு மேலும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். அப்படியே வெடுக்கென்று இழுத்தால் தோல் இன்னும் கிழியும் என்பதால், சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, மறுபடியும் வாய் வைக்கச் செய்யுங்கள். நள்ளிரவில் இதை மூன்று நான்கு முறை செய்யச் சலிப்பாகத்தான் இருக்கும், செய்யத்தான் வேண்டும்.

பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும் வேளையில் கருவட்டமும் இறுகிவிடுவதால், குழந்தையால் நுனியைத் தவிர வேறெதையும் பிடிக்க முடியாது. அப்போது கையால் சிறிது பாலைப் பீய்ச்சி, கருவட்டம் இளகிய பிறகு கொடுங்கள். வலி குறைவாக உள்ள பக்கத்தில் தொடங்குங்கள். குழந்தையின் முதல் பசி வேகம் அந்தப் பக்கத்தோடு தணிந்துவிடும்.

இரு பிள்ளைகளின் தாய் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

அக்கா சொன்னதற்கு மேல் பிடிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தடவுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைப் பிதுக்கிக் காம்பிலேயே தடவி, தானாக உலர விடுவதுதான் செலவில்லாத மருந்து. கடையில் வாங்குவதென்றால், வேறு எதுவும் கலக்காத, சுத்திகரித்த லானோலின் களிம்பாகப் பார்த்து வாங்குங்கள். பட்டாணி அளவு போதும், பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை. அது ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படுவதால், கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும். காம்பு முழுக்கக் காய்ந்து பொருக்குத் தட்டுவதைக் காட்டிலும் லேசான ஈரப்பசையோடு இருந்தால்தான் வெடிப்பு சீக்கிரம் மூடும். அதற்காக வியர்வையிலும் கசிந்த பாலிலும் ஊறிக்கிடக்க விடக் கூடாது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் இரண்டாவதுதான் எளிதில் நடக்கிறது. பால் கசிவுக்காக மார்பில் வைக்கும் பேட் நனைந்தால் உடனே மாற்றி, வீட்டில் இருக்கும் வரை தளர்வான பருத்தி உடையே உடுத்துங்கள்.

தேன் கண்டிப்பாக வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தையின் வாய்க்குத் தேன் போகவே கூடாது; அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா நுண்விதைகள் போட்டுலிசம் என்னும் ஆபத்தான நோயைத் தரலாம். விளக்கெண்ணெயும் வெண்ணெயும் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை என்றாலும், வழுவழுப்பான காம்பில் குழந்தையின் வாய் சறுக்கி நுனிக்கே வந்துவிடும். விளக்கெண்ணெய் பேதி மருந்து என்பதையும் மறக்க வேண்டாம். மாமியார் மனம் நோகாமல் வெண்ணெயைத் தோசைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுவதும், டெட்டால் நீரால் துடைப்பதும் இயற்கையான எண்ணெய்ப்பசையைப் போக்கிப் புண்ணைப் பெரிதாக்கும். அன்றாடக் குளியலின்போது படும் தண்ணீரே போதும்.

இன்னொன்று. குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, பிறகு நீலமாகி, குத்தும் வலி எடுத்தால் அது இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது. எனக்கு இது இருந்தது. அப்படிப்பட்டவர்கள் மின்விசிறியின் கீழோ ஏ.சி. அறையிலோ உலர விடாமல், உடனே மூடி, வெதுவெதுப்பான உலர்ந்த துணியை வைத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியனூர் தகப்பன்:

வணக்கம். பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு இதே நிலை வந்தபோது அவள் அழுவதைப் பார்க்க முடியாமல், நான் மின்சார பம்ப் ஒன்றும் பால்மாவு டின் ஒன்றும் வாங்கிவந்தேன். இரண்டு நாள் மார்புக்கு ஓய்வு கொடுத்ததில் புண் ஆறியது. தாய் நன்றாக இருந்தால்தானே பிள்ளை நன்றாக இருக்கும்? எல்லாரும் பொறுத்துக்கொள் என்றே சொல்வது சரியாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி, பொறுத்துக்கொள்ளச் சொல்வது தவறு என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். வலியால் ஒரு பக்கம் கொடுக்கவே முடியவில்லை என்றால், அந்தப் பக்கத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு தருவதில் தவறில்லை. ஆனால் பாலை வெளியே எடுக்காமல் ஓய்வு கொடுத்தால் பால் கட்டி, அது மார்பு அழற்சியாக மாறலாம்; சுரப்பும் குறையும். ஆகவே குழந்தை குடிக்கும் அதே இடைவெளியில் கையால் பீய்ச்சி, கொதிநீரில் சுத்தம் செய்த எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து, பாலாடையால் புகட்ட வேண்டும். தாயின் பாலே கிடைக்கும்போது பால்மாவுக்குத் தேவை எழாது. இந்த வாரங்களில் புட்டியைப் பழக்கினால், அகலத் திறந்து பற்றும் பழக்கம் சில குழந்தைகளுக்கு விட்டுப்போகிறது. பீய்ச்சிய பாலை இந்த வெயிலில் வெளியே நெடுநேரம் வைக்காமல், உடனே புகட்டாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பம்ப் பயன்படுத்துவோர், அதன் புனல் காம்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய புனலும் அதிக இழுவையும் புதுப் புண்ணைத் தந்துவிடும்.

வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். அது பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. ஆஸ்பிரின் வேண்டாம்.

கெடிலக்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கையிடுக்கில் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் முதல் முறையாக, தொடக்கத்துச் சுருக்கோடு வலி நின்றுவிட்டது. காம்பும் உருண்டையாகவே வெளியே வந்தது. இடப்பக்கம் மட்டும் ஒத்துவரவில்லை. அந்தக் காம்பு பிறவியிலேயே சற்று உள்வாங்கியது. ஊசிக் குழலை வைத்து இழுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார்; அது உண்மையா? மேலும், மகளின் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அது பாலா, வேறு ஏதாவதா?

ஓய்வுபெற்ற செவிலியர்:

அம்மா சொல்வது உண்மைதான். வார்டுகளில் நாங்கள் செய்துவந்ததே. ஊசி இல்லாத 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சில், ஊசி பொருத்தும் முனையை வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் இழுதண்டை உருவி, அதை வெட்டிய பக்கமாக நுழைத்து, வழுவழுப்பான மறுபக்கத்தைக் காம்பின் மீது வைத்து மெல்ல இழுக்க வேண்டும். வலி தெரியாத அளவுக்கு மட்டும் இழுத்து அரை நிமிடம் பிடித்திருந்து, காம்பு வெளியே வந்ததும் குழந்தையை வைக்க வேண்டும். ஆனால் உங்கள் வெடிப்பு அதே பக்கத்தில் இருப்பதால், அது மூடும் வரை சிரிஞ்சைத் தொடாதீர்கள். அதுவரை விரல்களால் காம்பை மெல்ல உருட்டி எழுப்பி, சிறிது பீய்ச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள். உள்வாங்கிய காம்பு உள்ளவர்களும் நன்றாகப் பால் கொடுக்கிறார்கள். குழந்தை பற்ற வேண்டியது மார்பைத்தானே.

நாக்கின் வெள்ளையை, விரலில் சுற்றிய ஈரத்துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். எளிதில் போனால் அது பால். போகாமல் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் திட்டுத்திட்டாக இருந்து, உங்களுக்கும் பால் கொடுத்து முடித்த பிறகு மார்புக்குள் எரிச்சல் ஓடி, காம்பு பளபளப்பான இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து தேவை; ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இந்த வயதில் குழந்தையின் வாய்க்குள் தடவும் ஜெல் தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு.

காய்ச்சல், குளிர் நடுக்கம், மார்பின் ஒரு பகுதி சிவந்து சூடாகிக் கெட்டிப்படுதல், வெடிப்பில் சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பிடிப்பைச் சரிசெய்து சில நாள்கள் ஆன பிறகும் இடப்பக்கம் முன்னேற்றம் இல்லையென்றால், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய், குழந்தையின் நாக்கடிச் சவ்வு குட்டையாக நாக்கைக் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்றுத்தருவது மருத்துவமனைகளின் கடமை என்பதை வலியுறுத்தி, 2016-இல் மத்திய அரசு 'மா' என்ற திட்டத்தையே தொடங்கியிருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துத் தூங்க வைத்துக் கூட்டிச் செல்லாதீர்கள். பசி தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போய், பிள்ளை இடப்பக்கம் வாய் வைப்பதை அவர்கள் நேரில் பார்க்கட்டும்.