சாலிட்வொர்க்ஸில் ஷீட் மெட்டல்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆட்டோகேடில் 2டி டிராயிங் போட்டுப் பழகியவன். இப்போது ஆர்டர்கள் 3டி மாடலாக வருவதால் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட் எல்லாம் பிடிபட்டுவிட்டது. சிக்கல் ஷீட் மெட்டலில்தான், அதாவது தகட்டு வேலையில். 2 மி.மீ. தகட்டில் 90 டிகிரி பிராக்கெட் வரைந்து, விரித்த வடிவத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாக்கி லேசர் வெட்டுக்கு அனுப்புகிறோம். வளைத்து முடித்தால் அளவு கூடுதலாக நிற்கிறது. கே-ஃபேக்டரை (வளைவில் நீளம் மாறாத கோடு, உள்பக்கத்திலிருந்து தகட்டின் தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்ற எண்) 0.5 என்று வைத்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வளைக்கும்போது தகட்டின் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். நீளம் மாறாத கோடு சரிநடுவில் இல்லாமல் உள்பக்கமாகத் தள்ளிப்போகும். அப்படியென்றால் எண் 0.5க்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

எங்கள் பிரஸ் பிரேக்கிலேயே (தகடு வளைக்கும் இயந்திரம்) ஒரு துண்டை வளைத்துப் பார்த்து அந்த எண்ணைக் கணக்கிடுவது எப்படி? செய்தவர்கள் தயவுசெய்து படிப்படியாகச் சொல்லுங்கள். டைக்கு டை (வளைக்கும் அச்சு) எண் மாறுமா?

அப்புறம், கடலூரிலோ புதுச்சேரியிலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்களா? சான்றிதழ் வேண்டாம், பட்டறை அனுபவம் உள்ளவர் சொல்லிக்கொடுத்தால் போதும். வீட்டில் பழக ஃப்ரீகேட் என்ற 3டி மென்பொருளை இறக்கியிருக்கிறேன், அது இலவசம். அதில் பழகுவது இங்கே கைகொடுக்குமா என்பதையும் சொல்லுங்கள்.