மறுமொழி: செக்யூர்டு கிரெடிட்டருக்குத் தமிழ்? (வியாழனுக்குள் வேண்டும்)

அஸ்தம்பட்டி, ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.காம். மாணவர்களுக்கு ரீட் (பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களில் போட்டு, வாடகையைப் பிரித்துத் தரும் ரியல் எஸ்டேட் அறக்கட்டளை) பற்றிய பாடக்குறிப்பு வியாழனன்று ஜெராக்ஸுக்குப் போகிறது. அந்த அறக்கட்டளை கடனைக் கட்ட முடியாமல் மறுசீரமைப்புக்கு வந்தால், சொத்தைப் பிடித்துக்கொண்டு கடன் கொடுத்தவரின் உரிமை என்ன என்பது கடைசிப் பகுதி. அவர்தான் செக்யூர்டு கிரெடிட்டர்; ‘பிணையக் கடன்காரர்’ என்று எழுதியிருந்தேன். “கடன்காரர்னா வாங்கினவரா, கொடுத்தவரா மேடம்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். நம் ஊரில் இரண்டு பேரையும்தானே அப்படிச் சொல்கிறோம்?

செவ்வாய்ப்பேட்டை, வழக்கறிஞர்:
பிணையும் வேண்டாம் மேடம். கோர்ட்டில் பிணை என்றால் ஜாமீன். ஆள் வந்து நிற்பது. இங்கே நிற்பது கட்டடம். ‘ஈட்டுக் கடனீந்தோர்’ என்று போடுங்கள். ஈடு என்றால் கடனுக்காகப் பிடித்து வைக்கும் சொத்து; உரிமை முழுக்க அதைச் சுற்றித்தான். ரீட்டுக்காகக் கட்டடத்தை வைத்திருக்கும் துணை நிறுவனம் கலைப்புக்குப் போனால் (அதாவது, மூடிச் சொத்தை விற்றுக் கடனை அடைக்கும் நிலை வந்தால்), 2016 திவால் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவர் ஈட்டை எல்லாக் கடன்களுக்குமான பொதுச் சொத்தில் விட்டுவிடலாம், அல்லது தானே விற்று எடுத்துக்கொள்ளலாம். விட்டால், கலைப்புச் செலவு போக, தொழிலாளரின் 24 மாத நிலுவையோடு சமவரிசை. தானே விற்றுப் பாக்கி விழுந்தாலோ, அந்தப் பாக்கிக்கு ஈடே இல்லாமல் கடன் கொடுத்த வங்கிக்கும் பின்னால், அரசு நிலுவையோடு போய் நிற்க வேண்டும்.

ஏற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஈடு சரி தம்பி, ‘ஈந்தோர்’ கூடாது. ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். ஈ என்று கேட்பவன் இழிந்தோன், தா என்பவன் ஒப்போன், கொடு என்பவன் உயர்ந்தோன். வாடகையில் கொழிக்கும் ரீட், வங்கி வாசலில் ‘ஈ’ என்றா நின்றது? ‘தந்தோர்’ என்க. கடன் என்பதே பழம்பாட்டில் கடமை; மகனைப் பெற்று வளர்ப்பது தன் கடன் என்கிறாள் புறநானூற்றுத் தாய். அப்புறம், ‘அறக்கட்டளை’ என்கிறீர்களே, இதில் அறம் எங்கே இருக்கிறது? ‘பொறுப்பாட்சி’ என்க.

சூரமங்கலம், வங்கி ஊழியர்:
அறக்கட்டளை விஷயத்தில் நான் ஐயா பக்கம். பகிரத்தக்க வரவில் 90 சதவீதத்தையாவது யூனிட் (ரீட்டில் பங்கு) வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடு என்கிறது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2014 விதி. பையன்கள் அதை அன்னதானம் என்று எழுதிவைப்பார்கள். ஆனால் எங்கள் கிளைக்கு வருகிறவரிடம் ‘ஈடு’ என்றால் முழிப்பார். அடமானம் என்றால் கைநாட்டு வைப்பவருக்கும் புரியும். ‘அடமானக் கடன் கொடுத்தவர்’ போதாதா?

செவ்வாய்ப்பேட்டை:
போதாது சார். கட்டடத்தோடு வரப்போகும் வாடகையையும், துணை நிறுவனத்தின் பங்குகளையும் சேர்த்தே ஈடு வாங்குவார்கள். வாடகை வரவை அடமானம் வைத்தேன் என்று யார் சொல்கிறார்கள்?

ஏற்காடு:
அடமானத்தின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். சற்று நீளும்.

அஸ்தம்பட்டி:
ஐயா, இன்று புதன். ‘ஈட்டுக் கடன் தந்தவர்’ என்று போட்டுவிட்டேன். பக்கத்திலேயே ‘செக்யூர்டு கிரெடிட்டர்’. பொறுப்பாட்சியை விளக்க இன்னொரு வகுப்பு வேண்டும், ரீட் என்றே விட்டாயிற்று.

ஏற்காடு:
தந்தோர்.

சூரமங்கலம்:
சரி, என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திவால் சட்டத்திலேயே கடன் தந்தவர்கள் குழுவில் 66 சதவீத ஓட்டு விழுந்தால்தான் மீட்புத் திட்டம் தேறும். இங்கே அவ்வளவு தேறுமா தெரியாது. எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும், கலைப்பில் கிடைத்திருக்கக்கூடிய தொகையாவது கொடுத்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் எனக்கு அடிக்குறிப்பில் ஒரு ‘அடமானம்’ போடுங்கள் மேடம்.